மீதி ஐந்து பேர் யார்? வயது வந்தோர் கல்வியின் கணக்கும் நமது தெருவும்



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் வருகைப் பதிவேட்டையும் தேர்வு மதிப்பெண்ணையும் பற்றிப் பேச வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். பேச வேண்டும் என்றே நினைக்கிறோம். நமது வாழ்க்கையை நாம் கவிதையாகவும் கதையாகவும் தன்வரலாறாகவும் எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம்மைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவை அரசின் பதிவேடுகள். நமக்கு எவ்வளவு பள்ளி, எவ்வளவு பணம், எந்தத் திட்டம் என்பதை முடிவு செய்வது அந்த எழுத்துதான். அதை வாசிக்கவும் கேள்வி கேட்கவும் திருத்தவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று நாம் நினைவுகூரும் தோழர் பகலில் கூலி வேலைக்குப் போய்விட்டு இரவில் நமது தெருவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயரால் நடக்கும் அரங்கில் இதைப் பேசுவது பொருத்தமானது.

புள்ளிவிவரத்தை ஆயுதமாக்கிய வரலாறு நமக்குப் புதிதல்ல. 1927 மார்ச்சில் பம்பாய் சட்டசபையில் கல்வி மானியம் பற்றிய விவாதத்தில் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசின் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டார். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதை வகுப்புவாரியாகப் பிரித்துக் காட்டினார். முன்னேறிய இந்துக்களில் 119 பேர், முஸ்லிம்களில் 92 பேர், இடைநிலை வகுப்பினரில் 38 பேர், தீண்டப்படாத மக்களை உள்ளடக்கிய கடைசி வகுப்பில் 18 பேர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மாகாணத்தில் கல்வி வளர்கிறது என்று சொல்லிவிடலாம். பிரித்துப் பார்த்தால் யாருடைய பணத்தில் யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடும். அவர் செய்தது சராசரியை உடைத்ததுதான். தமிழ் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மக்கள் எந்தப் பெயரில் பதியப்படுகிறார்கள் என்பதை ஓர் அரசியல் கேள்வியாக மாற்றினார். எண்ணப்படுகிறவர்கள் எண்ணுகிறவரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மரபு அது. வயது வந்தோர் கல்வியிலும் இன்று நமக்கு அந்த மரபு தேவைப்படுகிறது.

முதலில், எழுத்தறிவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரிந்தவரானால் அவர் எழுத்தறிவு பெற்றவர். கணக்கெடுக்க வருபவர் யாரையும் படிக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. வாசலில் நிற்பவர் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறார். மகன் வெட்கப்பட்டு “அம்மாவுக்குத் தெரியும்” என்று சொன்னால் அம்மா எழுத்தறிவு பெற்றுவிடுவார். இப்படி எடுத்த 2011 கணக்கிலேயே நாட்டின் எழுத்தறிவு 73 சதவீதம், பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 66 சதவீதம், பட்டியல் சாதிப் பெண்களுடையது சுமார் 56 சதவீதம். தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 80 சதவீதம், பட்டியல் சாதியினருடையது 73 சதவீதம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், இத்தனை ஆண்டுகளாக இந்தப் பழைய எண்களை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

சராசரி வெறும் தாளில் நின்றுவிடுவதில்லை, நமது மக்களைத் திட்டத்துக்கு வெளியே தள்ளவும் செய்கிறது. 2009 செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கப்பட்ட சாக்ஷர் பாரத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, சிறுபான்மை மக்களுக்கும் முன்னுரிமை தரும் திட்டம் என்று அதன் ஆவணம் சொன்னது. நல்ல நோக்கம். ஆனால் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்த முக்கிய அளவுகோல், வயது வந்த பெண்களின் எழுத்தறிவு 2001 கணக்கெடுப்பில் 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் விழுப்புரம், தருமபுரி, சேலம் உள்ளிட்ட 9 மாவட்டங்கள் சேர்ந்தன. நாகப்பட்டினம் சேரவில்லை. மாவட்டச் சராசரி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. கீழ்வெண்மணி இருக்கும் மாவட்டத்தில், தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட பெண்கள் மற்றவர்கள் படித்த படிப்பின் சராசரியில் மறைந்துபோனார்கள். யாரோ ஓர் அதிகாரியின் கெட்ட எண்ணம் இதற்குக் காரணம் அல்ல. கணக்கை மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் காரணம். ஊராட்சி வரைக்கும், தெரு வரைக்கும் இறங்கியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

தெரு வரைக்கும் இறங்கிய காலமும் உண்டு. 1988 மே மாதத்தில் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் எழுந்தது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பெயர் பெயராக எழுதினார்கள். கற்பவரின் திறனுக்கும் அளவு இருந்தது. நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொற்கள் பார்த்து எழுத வேண்டும், சொல்லச் சொல்ல 5 சொற்கள் எழுத வேண்டும், 100 வரை எண்கள் தெரிய வேண்டும். பாடநூல் மூன்று பகுதிகளாக வந்தது. ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் மூன்று சோதனைகள். ஆக, ஒருவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைத் தொண்டர் ஒன்பது முறை பார்க்க முடிந்தது. இறுதித் தேர்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

புதுக்கோட்டையில் 1991, 92 ஆண்டுகளில் நடந்ததை மாணவ நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டும். கல்குவாரிகளில் உழைத்த தலித் பெண்கள் எழுத்தோடு கணக்கும் கற்றார்கள். குழுக்களாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையே எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். சைக்கிள் பாடத்திட்டத்தில் முதலில் இருந்த ஒன்றல்ல. வகுப்புக்கு வரவும் வேலைக்குப் போகவும் பெண்களுக்குத் தடையாக இருந்தது என்ன என்று களத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதால் வந்த ஒன்று. அதுவும் தரவுதான். தரவு என்றால் எண் மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. கற்பவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்ததை வைத்து நாளைக்கே ஒன்றை மாற்றினால், கேட்டது தரவாகிறது. பெட்டியில் பூட்டி வைத்தால் அது வெறும் காகிதம்.

அறிவொளியின் கணக்குகளுக்கும் அதுதான் நேர்ந்தது. மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்த நாளோடு கணக்கின் வேலை முடிந்துவிட்டது. மேடை போட்டு, ஊர்வலம் போய், கல்வெட்டு வைத்தார்கள். யார் பாதியில் நின்றார், எந்தத் தெருவில் அதிகம் நின்றார்கள் என்பதைச் சொல்லக்கூடிய பதிவேடுகளைத் தேடிப் போனால் இன்று பல ஊர்களில் அவை இல்லை. தொண்டர்களின் நினைவிலும், ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ போன்ற நூல்களிலும்தான் அந்த அனுபவம் மிஞ்சியிருக்கிறது. அறிவிப்புக்காகச் சேர்த்த கணக்கு அறிவிப்போடு செத்துப்போகும். கற்பவருக்காகச் சேர்த்த கணக்கு அவர் கற்று முடிக்கும்வரை உயிரோடு இருந்தாக வேண்டும்.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேர் இலக்கு. தன்னார்வலர்கள் கற்பிக்கிறார்கள். கற்போரின் பெயர்கள் செயலியில் பதிவாகின்றன. படித்தல், எழுதுதல், கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கூடவே, ஒரு மாநிலம் 95 சதவீதத்தை எட்டினால் அதை முழு எழுத்தறிவு பெற்றதாகக் கொள்ளலாம் என்று 2024இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வரையறுத்தது. அதன் பிறகு மிசோரம், கோவா, திரிபுரா என்று வரிசையாக அறிவிப்புகள் வருகின்றன.

95 என்ற எண்ணை நாம் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஓர் ஊரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயது வந்தவர்கள் 1000 பேர். ஊர்த்தெருவில் 800 பேர், நமது தெருவில் 200 பேர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நமது பங்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 50 பேர். அப்படியானால் ஊரின் எழுத்தறிவு 95 சதவீதம். முழு எழுத்தறிவு பெற்ற ஊர் என்று பலகை வைத்துவிடலாம். ஆனால் அந்த 50 பேரும் நமது தெருவில் இருந்தால்? நமது தெருவில் நான்கில் ஒருவருக்கு எழுத்துத் தெரியாது. பலகை பொய் சொல்லவில்லை, கணக்கும் சரிதான். நமது தெரு மட்டும் அதில் இல்லை. மீதி ஐந்து பேர் யார், எந்தத் தெரு, என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்காமல் 95ஐக் கொண்டாடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கடைசி ஐந்து பேர் சாதி பார்க்காமல் சிதறிக் கிடப்பார்கள் என்று நம்புவதற்கு நமது சமூகம் எந்தக் காரணமும் தரவில்லை.

சரி, கணக்கை வைத்துக் கற்பித்தலை எப்படி மேம்படுத்துவது? கீழத்தஞ்சைப் பகுதியில் எங்கள் தோழர்கள் நடத்திவரும் மாலை மையங்களில் நாங்கள் கற்ற சிலவற்றைச் சொல்கிறோம். பெரிய ஆய்வு எதுவும் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் யாரும் செய்யக்கூடியவை.

முதலாவது, வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் படிப்பது. மொத்த வருகை இவ்வளவு என்று எழுதினால் எதுவும் தெரியாது. மாதத்தை வேலையோடு சேர்த்து வைத்தோம். நடவு நாட்களிலும் தை அறுவடையிலும் பெண்கள் வரவில்லை. நூறு நாள் வேலை இருந்த வாரங்களில் வந்தார்கள். ஆர்வம் இல்லை என்று அதுவரை எழுதப்பட்ட குறிப்புக்கு உண்மையான பெயர் நடவு. அதன் பிறகு அந்த மாதங்களில் புதுப் பாடம் எடுப்பதை நிறுத்தினோம். வாரம் ஒரு நாள் பழையதைத் திருப்பிப் பார்ப்பது என்று வைத்தோம். நின்றுபோனவர்கள் மறுபடி வரும்போது பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சம் அவர்களுக்கு இல்லாமல் போனது.

இரண்டாவது, மையம் இருக்கும் இடத்தை வருகையோடு சேர்த்துப் பார்ப்பது. ஊர்த்தெருவில் இருக்கும் கட்டடத்தில் வகுப்பு நடந்தபோது நமது தெருப் பெண்கள் இரவில் அங்கே வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் திண்ணையில் உட்காரலாம், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கலாம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். கற்பவரின் தெருவைக் கேட்காத படிவம் இந்தத் தூரத்தை அளக்காது. வகுப்பை நமது தெருவுக்குக் கொண்டுவந்ததும் பதிவேடு நிறைந்தது.

மூன்றாவது, தொடக்கத்திலேயே யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பது. எழுத்தறிவு இல்லாதவர் என்று ஒரே பட்டியலில் எழுதப்பட்டவர்கள் மூன்று விதமாக இருந்தார்கள். எழுத்தே தெரியாதவர்கள், எழுத்துத் தெரிந்தும் கூட்டிப் படிக்க வராதவர்கள், மூன்றாம் வகுப்போடு நின்று மெல்லப் படிக்கக்கூடியவர்கள். எல்லோருக்கும் ‘அ’விலிருந்து தொடங்கினால் மூன்றாம் வகையினர் சலித்துப் போய்விடுவார்கள், வேகமாகப் போனால் முதல் வகையினர் பயந்து போய்விடுவார்கள். பிரித்த பிறகு, மெல்லப் படிக்கக்கூடிய இளம் தாய்மார்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

நான்காவது, பிழைகளைச் சேர்த்து வைப்பது. தேர்வுத்தாள் மதிப்பெண் போட்ட பிறகு கட்டுக்குள் போய்விடுகிறது. அதில்தான் அதிகமான செய்தி இருக்கிறது. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று ஓர் அம்மா எழுதினால் அது அறியாமை அல்ல. தான் பேசும் ஒலிக்குச் சரியான எழுத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்கு அது சான்று. எழுத்தும் ஒலியும் பொருந்துவது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இனி எழுத்துத் தமிழின் வழக்கத்தை மட்டும் காட்டினால் போதும். சிவப்புக் கோடு போட்டால் அவர் நாக்கையே தப்பு என்று சொன்னதாகிவிடும். நமது பேச்சைத் தப்பு என்று சொல்லித்தான் பள்ளிக்கூடம் நம்மில் பலரை வெளியே அனுப்பியது. தாயையும் அதே காரணத்துக்காக அனுப்பக் கூடாது.

ஐந்தாவது, தேர்வு முடிந்து ஓராண்டு கழித்து மறுபடி போய்ப் பார்ப்பது. பயன்படுத்தாத எழுத்து மறந்துபோகும். பேருந்துப் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றில் எதை அவர் இப்போது தானே படிக்கிறார் என்று கேட்டால் திட்டத்தின் உண்மையான மதிப்பெண் கிடைத்துவிடும். இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். கைநாட்டை ஒழிப்போம் என்று சொல்லிக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தோம். இன்று ரேஷன் கடையில் இயந்திரம் அதே விரலைக் கேட்கிறது. வங்கி முகவரும் விரல்ரேகையைத்தான் கேட்கிறார். கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்ற பழைய கல்வி இனிப் போதாது. இயந்திரம் தரும் சீட்டில் எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்று எழுதியிருக்கிறது, கையில் வந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிவதுதான் இன்றைக்கு எழுத்தறிவு.

இதற்கு ஒரு முன்னோடி பிரேசிலில் இருக்கிறது. பாவ்லோ பிரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்த செய்தி உலகம் அறிந்தது. வகுப்புத் தொடங்கும் முன்பு அவர் குழு செய்த வேலைதான் நமக்கு முக்கியம். அந்த மக்கள் அன்றாடம் பேசும் சொற்களைச் சேர்த்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் கனமுள்ள சொற்களிலிருந்து பாடத்தை உருவாக்கினார்கள். நமது தெருவில் அப்படிச் சேர்த்தால் என்ன வரும்? கூலி, பட்டா, சுடுகாட்டுப் பாதை, வட்டி, குழுக்கடன். இந்தச் சொற்கள் இல்லாத பாடநூலை நமது தாய்மார்கள் இரவு எட்டு மணிக்கு, சோறாக்கி வைத்துவிட்டு வந்து படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு கண்காணிப்பாகவும் மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பட்டியல் என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டுவது அவமானப்படுத்துவது. சாதியைக் கேட்பது விடுபட்டவர்களைச் சேர்ப்பதற்காக இருக்க வேண்டும், பிரித்து உட்கார வைப்பதற்காக இருக்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று கற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும். மேலே அனுப்பும் அறிக்கையில் பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்த்த கணக்கை முதலில் சேர்த்த தெருவிலேயே படித்துக் காட்ட வேண்டும். தன் வருகைக் கோட்டைத் தானே வரைந்து, எந்த மாதம் ஏன் இறங்கியது என்று பேசக்கூடிய பெண் அங்கேயே கணக்கும் அரசியலும் கற்றுக்கொள்கிறார்.

செயல்பாட்டாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேர் பதிவு செய்யப்பட்டார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், அவர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மையங்கள் எந்தெந்தத் தெருவில் என்று கேளுங்கள். பதில் வந்தால் கிராம சபையில் வாசியுங்கள். பிரித்து எடுத்த கணக்கு இல்லை என்று பதில் வந்தால் அதையும் வாசியுங்கள். இல்லை என்பதும் ஒரு பதில்தான்.

மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். சாதியையும் சேர்த்துக் கேட்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2027இல் முடிப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அந்த நாளில் உங்கள் தெருவில் இருங்கள். அம்மாவுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு வெட்கப்பட்டுப் பொய் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதது அவர்கள் குற்றம் அல்ல, கொடுக்காமல் விட்டவர்கள் கணக்கு அது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் தலைப்புத் தேடுகிறவர்கள், ஒரே ஓர் ஊராட்சியின் எழுத்தறிவைத் தெருவாரியாக எழுதுங்கள். அப்படி எழுதியதை அந்தத் தெருவுக்குத் தமிழில் திருப்பிக் கொடுங்கள்.

பம்பாய் சட்டசபையில் பாபாசாகேப் 18 என்ற எண்ணை வைத்துப் பேசியபோது, அந்தப் பதினெட்டுப் பேரைப் பற்றி மட்டும் பேசவில்லை. பள்ளிக்கு வெளியே நின்ற மீதிப் பேரைப் பற்றிப் பேசினார். நமது வேலையும் அதுதான். தமிழ்நாடு 95ஐ எட்டும் நாள் வரட்டும், மகிழ்ச்சியோடு வரவேற்போம். அந்த மேடைக்கு முன்னால் நின்று மீதி ஐந்து பேரின் தெருவைக் கேட்போம். அன்று மாலையே அந்தத் தெருவில் பாயை விரித்து, விளக்கைப் போட்டு, வகுப்பைத் தொடங்குவோம்.